இருபத்திநாலாம் இலக்கத்துக்கு நான் செய்த அநியாயம்

போன கிழமை, என்னோடு வேலை செய்த தயா தொலைபேசியில் கதைத்தபோது போகிற போக்கில் ஒன்றைச் சொன்னான். நான் வேலையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் என்னுடைய சீட்டு முறை அங்கே இன்னும் நடக்கிறதாம். ஒவ்வொரு கணினித் திரைக்குக் கீழேயும் அதே மாதிரிச் சீட்டுத்தான் ஒட்டியிருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்த உங்கள் ஆறு பேருக்கும் முதல் நாளே அதன் படியைக் கையில் கொடுத்து, "இது மலர் அக்காவின் முறை, இதைப் பிடித்துக்கொண்டால் பிழை வராது" என்றார்களாம். தயாவுக்கு அது பெருமையான செய்தி. நான் போட்ட சத்தத்தில் மகள் அடுப்படியில் இருந்து ஓடிவந்தாள்.

பிழை வராதாம். அந்தச் சீட்டால் ஒரு மனிதனின் பிழைப்பில் மண் விழப் பார்த்தது. அதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியவள் நான்தான். ஆகவே உங்களை முன்பின் தெரியாவிட்டாலும் எழுதுகிறேன். நான் நல்ல கோபத்தில் இருக்கிறேன், அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

இந்த வேலை என்னவென்று என் சொந்தக்காரருக்கே கடைசிவரை விளங்கவில்லை. மச்சாள் அதற்கு "ரீவி பாக்கிற உத்தியோகம்" என்று பெயர் வைத்திருந்தாள். மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு பழைய பண்டகசாலையின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஸ்கொட்லாந்தின் முதலாம் பிரிவு உதைபந்தாட்டத்தைத் திரையில் பார்ப்போம். பந்து யாருடைய காலில் பட்டது, எங்கே பட்டது, அடுத்து என்ன நடந்தது என்று ஒவ்வொரு தொடுகையையும் பதிவோம். அங்கே சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்றால் இங்கே காலை பத்து. என் பக்கத்துப் பெண்கள் மார்க்கெட்டுக்குப் போகும் நேரத்தில் நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பனிப்புகாருக்குள் இருபத்திரண்டு பேரைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருவர் பதிவார். ஆட்டம் முடிந்ததும் இன்னொருவர் சரிபார்ப்பார். அதன் பிறகு ஆட்டத்தை "மூடுவோம்". மூடினால் அந்தப் பட்டியல் கழகங்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் பந்தயக்காரருக்கும் போய்விடும். நாங்கள் எழுதுவதை வைத்து அங்கே ஒருவனை எடுக்கிறார்கள், ஒருவனை விடுகிறார்கள். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் சுவரில் ஒட்டுங்கள், என் சீட்டை ஒட்டாமல்.

சீட்டு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. உதைபந்தாட்டத்தில் கோல் என்றால் வலைக்குள் பந்து போவது என்ற அளவுக்குத்தான் தெரியும். எனக்கு வேலை பழக்கியவன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ஹெயிட்டியிலிருந்து வந்தவன், முன்பு மொன்றியல் பஸ் ஓட்டியவன். பெயரை எழுத எனக்கு அவனிடம் அனுமதி இல்லை. ஆடுகளம் பெரிது, கமரா தூரம், முதுகில் உள்ள இலக்கம் பாதி நேரம் தெரியாது. ஆகவே யாரைப் பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிறு சீட்டு எழுதி வைத்துக்கொண்டேன். ஒருவன் கூனிக்கொண்டு ஓடுவான், ஒருவன் நீளக் கை போட்ட ஜேர்சி, ஒருவன் கோல் விழுந்தால் முதலில் காலுறையை இழுத்துவிடுவான். இப்படி. ஒரு அணியில் இரண்டு பேருக்கு நேரே "கறுப்பு" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

எனக்குத் தமிழில் எழுதினால் யாருக்கும் விளங்காது என்ற நினைப்பு. அவன் சீட்டை எடுத்து இது என்ன, இது என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். நானும் உண்மையைச் சொன்னேன். "அப்படியென்றால் மற்ற ஒன்பது பேருக்கும் 'வெள்ளை' என்று ஏன் எழுதவில்லை?" என்று பிரெஞ்சில் கேட்டான். அவனும் கறுப்பினத்தவன்தான், ஆனாலும் கோபப்பட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குக் காது சிவந்தது. பிறகு விசைப்பலகையில் ஒரு விசையைக் காட்டினான். "ஆள் தெரியவில்லை" என்பதற்கான விசை. "கண்டால் எழுது. காணாவிட்டால் இதை அமத்து. இந்த வேலையில் வெட்கப்பட வேண்டாத விசை இது ஒன்றுதான்" என்றான். அடுத்த வருடம் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

நான் சீட்டில் "கறுப்பு" என்ற சொல்லை வெட்டினேன். அதற்குப் பதில் சப்பாத்தின் நிறத்தை எழுதினேன். பாடம் படித்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். உண்மையில் நான் மாற்றியது சொல்லை மட்டும்தான். மற்ற ஒன்பது பேருடைய நடை, தோள், தலைமயிர் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த இரண்டு பேரில் மட்டும் நான் காலுக்கு மேலே பார்க்கவே இல்லை. "தெரியவில்லை" விசையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டேன். அதை அதிகம் அமத்துகிறவர்களின் பெயரை மனேஜர் மாதக் கூட்டத்தில் வாசிப்பார். என் பெயர் வாசிக்கப்படாமலே வருடங்கள் போயின. மலரின் ஆட்டத்தில் தெரியாத ஆளே இல்லை என்று பெயர் எடுத்தேன். சீட்டைப் படி எடுத்து எல்லோரும் ஒட்டத் தொடங்கினார்கள்.

இனி அந்தச் சீசனுக்கு வருகிறேன்.

வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர்க் கழகம். பட்டியலின் அடியில் கிடந்து தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் பின்வரிசையில் இரண்டு கறுப்பு இளைஞர்கள், ஐந்தாம் இலக்கமும் இருபத்திநாலாம் இலக்கமும். என் சீட்டில் 24 செம்மஞ்சள் சப்பாத்து, 5 வெள்ளைச் சப்பாத்து. மார்கழி முடியும்வரை அது சரியாகவும் இருந்தது. புது வருடம் பிறந்ததும் 24 வெள்ளைக்கு மாறிவிட்டான். 5 செம்மஞ்சள் போட்டுக்கொண்டான். சப்பாத்துக் கம்பனி கொடுப்பதை அவர்கள் போடுகிறார்கள், எனக்கு அறிவித்துவிட்டா போடுவார்கள்? நான் சீட்டைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், பதிந்தேன். ஏழு ஆட்டம். அந்தத் தை, மாசியில் 5 நிலைகுலைந்துபோயிருந்தான். பந்தைக் கொண்டுபோய் எதிராளியின் காலில் வைத்தான். அவ்வளவும் 24 இன் பெயரில் ஏறியது. "பிழை, கோலுக்கு வழிவிட்டது" என்று ஒரு பதிவு இருக்கிறது அல்லவா, அதில் 24 லீக்கிலேயே முதலாவதாக வந்துவிட்டான். ஒரு தொலைக்காட்சியில் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே நாங்கள் கொடுத்த பிழைக் கணக்கைப் போட்டுச் சிரித்தார்கள்.

அதே நேரம் கழகத்துக்குப் புதிய பயிற்றுநர் வந்தார். வந்த மனிதருக்கு ஆட்களைத் தெரியாது. முதலில் பட்டியலைத்தான் பார்த்திருக்கிறார்.

மாசி நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மனேஜர் என் மேசைக்கு வந்தார். 24 இன் முகவர் கடிதம் எழுதியிருக்கிறாராம். அந்தப் பிழைகள் தான் விட்டவை அல்ல என்று பையன் சொல்கிறானாம். அவனுடைய ஒப்பந்தம் சீசனோடு முடிகிறது, புதிய பயிற்றுநர் அவனை நீக்கப் பார்க்கிறார், தயவுசெய்து ஒருமுறை சரிபாருங்கள் என்று எழுதியிருந்தாராம். கடிதத்தை எனக்கும் அனுப்பியிருப்பதாகச் சொன்ன மனேஜர், "சரிதானே மலர்?" என்றார்.

கேட்டுக்கொள்ளுங்கள், இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். சப்பாத்தைப் பார்த்து எழுதியதைக்கூட ஒருவர் மன்னிக்கலாம். இதற்கு மன்னிப்பில்லை. நான் கடிதத்தைத் திறக்கவில்லை. ஒரு ஆட்டத்தைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "பிழை விட்ட எல்லாரும் இதைத்தானே சொல்லுவினம். எத்தனை வருசமா இந்த லீக்கைப் பாக்கிறன், எனக்கு ஆளைத் தெரியாதா?" என்று ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து சொல்லிவிட்டேன். மனேஜருக்கும் வேண்டியிருந்தது அதுதான். எங்கள் பதிவுகள் ஒவ்வொன்றும் இரண்டு தனித்தனிக் கண்களால் சரிபார்க்கப்படுகின்றன என்று அன்றைக்கே பதில் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை அதே கழகத்தின் ஆட்டம். சின்ன மைதானம், ஒரேயொரு கமரா, வெயில் சரிந்து பாதித் திடல் இருட்டில். மூன்றாவது நிமிடத்தில் செம்மஞ்சள் சப்பாத்துக்காரன் தலையால் பந்தை வெட்டினான். 24 என்று அமத்தினேன். கணினி ஏற்கவில்லை. மறுபடி அமத்தினேன். "இந்த வீரர் திடலில் இல்லை" என்று திரையில் வந்தது. கணினிக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு ஆள் பட்டியலைத் திறந்தேன். 24 வெளியே மாற்று ஆட்களின் வாங்கில் உட்கார்ந்திருந்தான். பயிற்றுநர் அவனை நீக்கிவிட்டார். அப்படியானால் இந்தச் செம்மஞ்சள் கால் யாருடையது?

கமரா கிட்டப் போனபோது முதுகு தெரிந்தது. ஐந்து.

எந்த ஆட்டத்திலிருந்து இப்படி என்று அப்போதே திருப்பிப் போட்டுப் பார்க்க நினைத்தேன். ஆனால் ஆட்டம் நிற்காது, பந்து ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியும். மிச்ச எண்பத்தேழு நிமிடமும் பதிந்தேன். சீட்டைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டு, முதுகைக் கண்டால் மட்டும் எழுதினேன். காணாத இடத்தில் அந்த விசையை அமத்தினேன். அன்றைக்கு நான் அமத்திய அளவுக்கு வாழ்க்கையில் அதை அமத்தியதில்லை.

முடிந்ததும் தயாவின் மேசைக்குப் போனேன். தயா யாழ்ப்பாணத்துப் பையன், பையன் என்றாலும் நாற்பது தாண்டியவன். என் ஆட்டங்களை எல்லாம் சரிபார்க்கிறவன் அவன்தான். அந்த ஏழு ஆட்டத்தையும் மூடியதும் அவன்தான்.

"தயா, தையிலயிருந்து 24இன்ர பிழை எல்லாத்தையும் நீ பாத்தனியா?"

"ஓம் அக்கா. பாத்துத்தானே மூடினனான்."

"என்னத்தைப் பாத்தனி? முதுகைப் பாத்தனியா?"

அவன் திரைக்குக் கீழே ஒட்டியிருந்ததைக் காட்டினான். "உங்கட சீட்டைப் பாத்தனான்" என்றான்.

இரண்டு தனித்தனிக் கண்களாம். இரண்டு கண்ணுக்கும் ஒரே கண்ணாடியை நானே மாட்டிவிட்டிருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு வேறொரு கோபம் ஞாபகம் வந்தது. இந்த வேலைக்கு முன் அதே சென்ட் லோரன்டில் ஒரு மருந்துப் பொதியிடும் ஆலையில் நின்றேன். எங்கள் வரிசையில் நானும் இன்னொரு தமிழ்ப் பெண்ணும். அவள் மட்டக்களப்பு, நான் திருகோணமலை. அவள் என்னைவிட நல்ல உயரம், கண்ணாடி வேறு போட்டிருப்பாள். ஒருநாள் ஒரு பெட்டி முழுவதற்கும் அவள் பிழையான லேபலை ஒட்டிவிட்டாள். எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. அது நான் இல்லை என்று மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கிறீர்கள், நான் என்ன செய்ய" என்று சிரித்தார். கோப்பில் போனது போனதுதான், கையெழுத்து வை என்றார். வைத்தேன். வீட்டு வாடகைக்கும் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரிக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. அந்த மனிதனின் சிரிப்பை நான் எத்தனை வருடம் திட்டியிருப்பேன். இப்போது அதே சிரிப்பைச் சிரித்தவள் நான். அவனாவது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான். நான் பையனின் கடிதத்தைக்கூடத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மனேஜரிடம் நேரே போய், ஏழு ஆட்டத்தையும் திறக்க வேண்டும், பிழை என்னுடையது என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு கோப்பி எடுத்துத் தந்தார். பிறகு கதவைச் சாத்தினார். மூடிய ஆட்டத்தைத் திறந்தால் வாங்குகிற எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். சரிபார்த்தோம் என்று எழுத்தில் பதில் கொடுத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. வசந்த காலத்தில் லீக்கோடு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். சீசன் முடியட்டும், கோடையில் சத்தமில்லாமல் திருத்துவோம் என்றார்.

"அவனுடைய ஒப்பந்தமும் சீசனோடு முடியுது. கோடையில திருத்தி அவனுக்கு என்ன பிரயோசனம்?" என்றேன்.

"மலர், அது ஒரு வீரரின் பிரச்சினை. இது இங்கே முப்பது பேரின் பிரச்சினை" என்றார்.

யோசிக்க வெள்ளிவரை தவணை கொடுத்தேன். அவருக்குத்தான் தவணை, எனக்கில்லை. அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த பிறகு இருந்து ஏழு ஆட்டத்தையும் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு பிழையிலும் படத்தை நிறுத்தி, முதுகு தெரியும்வரை முன்னும் பின்னும் ஓட்டினேன். இரண்டாம் நாள் தயா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். உதவ வரவில்லை. என்னைத் தடுக்க வந்தான்.

"அக்கா, இதைக் கிளறாதேங்கோ. மூடினது என்ர பேரில. அம்மா ஊரிலயிருந்து வந்து ரெண்டு மாதம்கூட ஆகேல்லை. செலவுக்கு நான்தான் பொறுப்பெண்டு அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைச்சுக் கூப்பிட்டனான். இப்ப வேலை போனா நான் எங்க போறது?"

"உன்ர பேர் வராது. நான் மட்டும் எண்டு சொல்லுவன்."

"சரி, அப்ப அந்த அஞ்சாம் இலக்கம்? அவனுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும். நீங்கள் 24ஐக் காப்பாத்தப் போய் அவனைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியள்."

அது நியாயமான கேள்வி. நான் இரண்டு நாள் அதை வைத்து மண்டையை உடைத்தேன். எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: 5 விட்ட பிழைக்கு 5 பதில் சொல்வது அநியாயம் இல்லை. 24 பதில் சொல்வதுதான் அநியாயம். எங்களுக்கு இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்கிற வேலை இல்லை. நடந்ததை அதைச் செய்தவனின் பெயரில் எழுதுகிற வேலை. தயாவிடம் அதைச் சொன்னேன். அவன் எழும்பிப் போய், கொஞ்ச நேரத்தில் தன் குறிப்புக் கொப்பியோடு திரும்பி வந்தான். "நீங்கள் படத்தை ஓட்டுங்கோ, நான் நிமிசத்தை எழுதுறன்" என்றான்.

24 இன் பெயரில் இருந்த ஒன்பது பிழையில் ஏழு 5 உடையது. நல்ல வேலைகளும் மாறிக் கிடந்தன. 24 ஓடிப்போய்க் கோல் கோட்டில் வைத்துத் தட்டிவிட்ட ஒரு பந்து, அந்த ஆட்டத்தையே காப்பாற்றியது, 5 இன் கணக்கில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மனேஜர் தன் முடிவை மாற்றவில்லை. நான் என் மேசைக்குப் போய், அந்த முகவரின் கடிதத்தை முதன்முதலாகத் திறந்து வாசித்தேன். பிறகு பதில் எழுதினேன். ஆட்டம், நிமிடம், உண்மையில் பந்தைத் தொட்டவரின் இலக்கம், அவ்வளவும். கீழே என் முழுப் பெயர். பிழை என்னுடையது மட்டும், உங்கள் ஆள் சொன்னது உண்மை, அவர் சொன்னபோது நான் பார்க்கவில்லை என்று எழுதினேன். அனுப்பிவிட்டு மனேஜரின் அறைக்குப் போய் அனுப்பிவிட்டேன் என்று நானே சொன்னேன். ஒளித்து விளையாட எனக்குத் தெரியாது.

என்னை உடனே அனுப்பியிருப்பார்கள். ஆனால் இந்த லீக்கைப் பதியத் தெரிந்தவர்கள் நானும் இன்னும் இருவரும்தான். சீசன் முடியும்வரை இரு, பிறகு ஓய்வு எடுத்துக்கொள் என்றார்கள். ஓய்வு என்ற சொல்லை எவ்வளவு அழகாகச் சொன்னார்கள் தெரியுமா. ஏழு ஆட்டத்தையும் ஒரு செவ்வாய்க்கிழமை அமைதியாகத் திருத்தினார்கள். தொலைக்காட்சி வருத்தம் தெரிவித்ததாக நான் காணவில்லை. சிரிக்கும்போது மட்டும் படம் பெரிதாக வரும்.

பயிற்றுநர் பிறகு படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார் போல. பங்குனியில், இங்கே மணிக்கூட்டை மாற்றி அங்கே இன்னும் மாற்றாததால் நாங்கள் பதினொரு மணிக்கு ஆட்டம் பார்க்கும் அந்த இரண்டு கிழமைக்குள், 24 மறுபடி திடலில் நின்றான். 5 உம் நின்றான். இரண்டு பேரையும் பக்கம் பக்கமாக நிறுத்தினார். நான் அன்றைக்குத்தான் 24 ஐ முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்வேன். பந்து வருவதற்கு முன் இடது தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். 5 அப்படிப் பார்க்க மாட்டான், கையை நீட்டி மற்றவர்களை ஏவிக்கொண்டே இருப்பான். இருவருக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. இதைக் காண எனக்கு ஏழு ஆட்டமும் ஒரு மனிதனின் மானமும் செலவாகியிருக்கிறது.

முப்பத்திமூன்று ஆட்டம் முடிந்ததும் அந்த லீக் இரண்டாகப் பிரியும் என்று படித்திருப்பீர்கள். மேல் ஆறு அணி தங்களுக்குள் ஐந்து ஆட்டம், கீழ் ஆறு தங்களுக்குள் ஐந்து. கடைசி அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அதற்கு முந்தின அணி, தங்குவதற்குக் கீழ்ப் பிரிவு அணி ஒன்றோடு இன்னும் மோத வேண்டும். கடைசி நாள் வந்தபோது எங்கள் கடலோரக் கழகத்துக்கு ஒரு சமநிலை போதும், தப்பிவிடும். தோற்றால் அந்த மோதல். அது என்னுடைய கடைசி ஆட்டமும். என்னை வழியனுப்புகிற கேக் ஏற்கனவே வந்து அலுவலகச் சமையலறை மேசையில் இருந்தது.

எண்பதாவது நிமிடம்வரை ஒரு கோலும் இல்லை. 24 அன்றைக்கு ஆடிய ஆட்டம் நல்ல ஆட்டம். பிறகு ஒரு சாதாரணப் பந்து அவனிடம் வந்தது. தோளுக்கு மேலால் பார்த்தான். கோல் காப்பாளருக்குத் திருப்பி அனுப்பினான். பந்து கட்டையாய்ப் போனது, காப்பாளர்வரை போய்ச் சேரவில்லை. எதிரணிக்காரன் நடுவில் புகுந்து கோல் அடித்தான். கமரா கிட்டப் போனது. இரண்டும் நாலும் தெளிவாகத் தெரிந்தது, வெயில் நேரே முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

என் கை விசைக்கு மேலே நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அவனிலா, பந்திலா, எனக்கே தெரியாது.

காதுக் கருவிக்குள் தயாவின் குரல். "அக்கா, கிட்டக் கிட்ட மூண்டு பேர் நிண்டவை. தெரியேல்லை எண்டு போடுங்கோ. நான் மூடிவிடுறன். ஒருத்தரும் கேக்க மாட்டினம். நாங்கள் அவனுக்குச் செய்ததுக்கு இதையாவது செய்வம்."

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கும் ஆசைதான்.

"எனக்குத் தெரியுது தயா. உனக்கும் தெரியுது" என்றேன். 24, பிழை, கோலுக்கு வழிவிட்டது. அமத்தினேன். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். தயா ஆட்டத்தை மூடினான். நான் கேக் வெட்டினேன், எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

பிறகு அந்த மோதலில் வென்று கழகம் தப்பிவிட்டது. ஆனால் அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கேக் வெட்டிய மூன்றாம் நாள் முகவரிடமிருந்து ஒரு சின்ன மின்னஞ்சல் வந்தது. என் முதல் கடிதத்துக்கு அவர் ஒரு வரிகூடப் பதில் போட்டதில்லை, இதிலும் வணக்கம், நன்றி ஒன்றும் இல்லை. கடைசி ஆட்டத்துப் பிழையை யாருடைய பெயரில் பதிந்தீர்கள் என்று பையன் கேட்கச் சொன்னான், அவ்வளவுதான். என்னை ஏசப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஏசட்டும், உரிமை இருக்கிறது. "அவர் பெயரில்தான். அது அவர் விட்ட பிழை" என்று எழுதி அனுப்பினேன்.

பின்னேரமே பதில் வந்தது. "நல்லது என்கிறான். அதை அவன் பெயரில் போட்டால்தான், நீங்கள் செய்த அந்த ஏழு திருத்தத்தையும் ஆட்கள் நம்புவார்களாம்."

ஆடியில் இன்னொரு கழகம் அவனை இரண்டு வருடத்துக்கு எடுத்தது. எடுக்கும் முன் பட்டியலை முழுக்க வாசித்திருப்பார்கள். அந்தப் பிழையும் அதில் இருந்தது.